கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் கெடு

கேமராவையோ லென்ஸையோ திருப்பிக் கொடுக்கக் கடைகள் தரும் கெடு பெரும்பாலும் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். இந்தியாவின் இணையக் கடைகள் பலவற்றில் அதற்கும் 'ரீப்ளேஸ்மென்ட் மட்டும்' என்ற நிபந்தனை உண்டு. பழுதானால் வேறொன்று தருவார்கள். பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்பாது. கெடு எத்தனை நாள், திரும்பக் கிடைப்பது பணமா பொருளா, உண்மையில் விற்பவர் யார் என்பதையெல்லாம் பணம் கட்டுமுன் பார்த்துவிட வேண்டும். ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் எண் ஏறியிருப்பது நல்லது. பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் கிரே மார்க்கெட் சரக்குக்குப் பெரும்பாலும் இந்திய வாரன்டி செல்லாது. கேமரா பாடியை அப்படி வாங்கவே கூடாது.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுக்க வேண்டும், அதுவும் ஒரே ஓட்டத்தில். பெட்டியின் ஆறு பக்கம், முகவரிச் சீட்டு, சீல், பிறகு பெட்டியிலும் பாடியிலும் உள்ள சீரியல் எண் எல்லாம் அதில் பதிய வேண்டும். நடுவில் வெட்டு விழுந்த வீடியோ வாதத்துக்கு நிற்காது. பாலிதீன் உறை உட்பட எதையும் எறியக் கூடாது. ஸ்கிரீன் கார்டு ஒட்டுவதெல்லாம் கெடு முடிந்த பிறகுதான்.

பெரும்பாலோர் சறுக்குவது சோதனையில். முதல் வாரம் பூந்தொட்டிகளையும் பிள்ளைகளையும் எடுப்பதில் போய்விடும். லென்ஸின் கோளாறு அடுத்த மாதக் கல்யாணத்தில்தான் தெரியவரும். பூச்சில்லாத செங்கல் சுவருக்கு நேராக டிரைபாடில் கேமராவை நிறுத்தி, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, டைமரில் படமெடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே அளவு மங்கினால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மங்கினால் உடனே லென்ஸைக் குறை சொல்ல முடியாது. கேமரா சற்றே கோணலாக நின்றிருக்கலாம். இதைப் பிரித்தறியச் சுலபமான வழி ஒன்று உண்டு. கேமராவைத் தலைகீழாக்கி அதே சுவரை மறுபடி எடுக்க வேண்டும். சட்டகத்தின் அதே மூலை மங்கினால் குற்றம் லென்ஸுடையது. மங்கல் எதிர் மூலைக்கு மாறி, முன்பு மங்கிய அதே செங்கற்களே மறுபடி மங்கினால், நிறுத்திய கோணம்தான் தப்பு. இந்த இரண்டு படங்களையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

சென்சாருக்கு, லென்ஸை மூடி ஐ.எஸ்.ஓ. 100-ல் ஒரு படம் போதும். வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது. ஐ.எஸ்.ஓ.வை உச்சத்துக்கு ஏற்றி நீண்ட எக்ஸ்போஷர் வைத்தால் எந்தக் கேமராவிலும் புள்ளி தெரியும். அதற்காகச் சண்டைக்குப் போவது வீண். எஃப் 16-ல் வெள்ளைச் சுவரை எடுக்கும்போது தெரியும் தூசியும் பெரும்பாலும் புளோயரில் போய்விடும். கார்டு ஸ்லாட், ஃபிளாஷ், சார்ஜர் ஆகியவற்றை ஒருமுறை இயக்கிப் பார்த்தால் சரி.

கஸ்டமர் கேரிடம் 'படம் சரியாக விழவில்லை' என்றால் செட்டிங்கை மாற்றச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். 'எஃப் 2.8-ல் வலது மேல் மூலை மங்கல், தலைகீழாக எடுத்தும் அதே மூலை' என்று எழுதி, படங்களை இணைத்து, புகார் எண் வாங்க வேண்டும். தொலைபேசியில் பேசினாலும் பேசியதை மின்னஞ்சலில் எழுதிவிடுவது நல்லது. 'சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்' என்ற பதிலில்தான் கண்ணி இருக்கிறது. அங்கே ரிப்பேருக்கு ஒப்படைத்துவிட்டால் அது வாரன்டி வேலையாகிவிடும். அதற்குள் கெடுவும் கடந்துவிடும். பழுதைக் குறித்த ஜாப் ஷீட்டையோ, வரும்போதே பழுது என்று காட்டும் டி.ஓ.ஏ. சான்றையோ மட்டும் வாங்கிக்கொண்டு பொருளோடு திரும்ப வேண்டும். பொருளைத் திருப்பி அனுப்பும்போது மெமரி கார்டை எடுத்துவிட்டு, கட்டுவதையும் வீடியோ எடுத்து, கூரியர் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரி பழுதான பொருளுக்குக் கேடயம் ஆகாது. பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். இணையக் கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. அதிலும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கு அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணமில்லை. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம்.