கசடிலிருந்து எரிபொருள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சற்றே கவனம் சிதறினால் பாத்திரம் அடிப்பிடித்து விடுகிறது. சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கருமை எளிதில் போவதில்லை. இது நம் வீட்டுச் சமையலறையில் மட்டும் நிகழ்வதன்று. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் பெரிய ஆலைகளிலும் இதே தொல்லை உண்டு. அங்கே உலையின் அடியில் பிடிப்பது கரி. அந்தக் கரி பிடிக்காமல் தடுக்க வல்ல பொருள், எல்லா வாயுக்களிலும் இலேசானதாகிய ஹைட்ரஜன் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர் அவர்கள் வகுப்பில் கூறியபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அதைப் பற்றிப் படித்து அறிந்தவற்றை இங்கே தோழியருடன் பகிர்ந்துகொள்கிறோம்.

பூமியிலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெய் ஒரே பொருள் அன்று. பலவகை ஹைட்ரோ கார்பன்களின் கலவை. அதைச் சுமார் 350 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி உயர்ந்த கோபுரத்துள் செலுத்தினால், கொதிநிலைக்கு ஏற்ப வாயுவும் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் டீசலும் தனித்தனியே பிரிகின்றன என்பதை நம் பாடநூலிலேயே படித்திருக்கிறோம். ஆனால் அடியில் தங்குவதைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது கருமையான, பாகுபோன்ற கசடு. இலேசான எண்ணெயில் இக்கசடு குறைவு. கனமான எண்ணெயிலோ பாதிக்கு மேலும் இதுவாகவே இருப்பது உண்டு. சாலைக்குத் தாராகவும், கப்பலுக்கும் கொதிகலனுக்கும் எரி எண்ணெயாகவும் இது பயன்படுகிறது என்பது உண்மையே. ஆனால் பேருந்துக்கும் விமானத்துக்கும் இதை அப்படியே ஊற்ற முடியாது. உலகில் எஞ்சியுள்ள எண்ணெயில் பெரும்பகுதி கனமான வகையைச் சேர்ந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்திலும் வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதியிலும் அது மலைபோல் கிடக்கிறது. ஆகவே கசடை என்ன செய்வது என்பது சிறிய கேள்வி அன்று.

கசடின் மூலக்கூறுகள் மிகப் பெரியவை. அவற்றை உடைத்தால் சிறிய மூலக்கூறுகள், அதாவது பெட்ரோலும் டீசலும், கிடைக்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் வில்லியம் பர்ட்டன் என்பவர் இதைத்தான் செய்தார். 1913ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் உள்ள வைட்டிங் என்னும் ஊரில், கனமான எண்ணெயை அழுத்தத்தில் சூடாக்கியே பிளந்து பெட்ரோல் எடுக்கத் தொடங்கினார்கள். பெட்ரோல் கிடைத்தது, கூடவே உலையின் சுவரெங்கும் கரி படிந்தது. அடிக்கடி உலையை நிறுத்தி, ஆட்கள் உள்ளே இறங்கிக் கரியைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அந்த வெப்பத்தில் அவ்வேலையைச் செய்தவர்களின் பாட்டை நினைத்தால், அடிப்பிடித்த பால் சட்டியைத் தேய்ப்பதற்கு நாம் முணுமுணுப்பது நாணத்தக்கதாகத் தோன்றுகிறது.

கரி ஏன் வருகிறது? இதை ஒரு விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். நாங்கள் வகுப்பில் செய்தே பார்த்தோம்.

பதினாறு மாணவியர் வரிசையாகக் கைகோத்து நிற்கட்டும். ஒவ்வொருவரும் ஒரு கார்பன் அணு. கார்பனுக்கு நான்கு கைகள் என்பதை மறக்க வேண்டாம். பக்கத்துத் தோழியைப் பிடித்தது போக மீதமுள்ள ஒவ்வொரு கையிலும் ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பிடித்திருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள்: நடுவில் உள்ள பதினால்வரிடம் இவ்விரண்டு, இரு முனைகளில் உள்ளவரிடம் மும்மூன்று, ஆக 34 ஹைட்ரஜன் அணுக்கள். இப்போது வரிசையை நட்ட நடுவில் வெட்டுவோம். எட்டு எட்டாக இரண்டு வரிசைகள். எட்டுக் கார்பன் உள்ள முழுமையான வரிசைக்கு 18 ஹைட்ரஜன் வேண்டும். இரண்டு வரிசைக்கு 36. நம்மிடம் இருப்பதோ 34! வெட்டிய இடத்தில் இரண்டு கைகள் வெறுமையாக நிற்கின்றன.

பிறகு என்ன நடக்கும்? ஒரு வரிசை மற்றதிடமிருந்து ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு தான் முழுமையாகிவிடும். பறிகொடுத்தது 16 ஹைட்ரஜனுடன் நின்று, பக்கத்துத் தோழியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்ளும். அதைத்தான் இரட்டைப் பிணைப்பு என்கிறோம். இது ஒருமுறை நடந்தால் குற்றமில்லை. மீண்டும் மீண்டும் வெட்டினால், சிலர் மேலும் மேலும் இழந்துகொண்டே போய், ஒருவரையொருவர் இறுகப் பற்றி வளையங்களாகி, வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இறுதியில் ஹைட்ரஜனே இல்லாத கட்டியாகிவிடுவார்கள். அந்தக் கட்டிதான் கரி. வசதி உள்ளவன் மேலும் வசதி பெற, இல்லாதவனிடம் இருந்ததும் போய்விடுகிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

இப்போது வெட்டும் வேளையில் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறை உள்ளே விடுவோம். அதில் இருப்பவை இரண்டே அணுக்கள். வெறுமையான கைகளும் இரண்டே. ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்ள, 34 என்பது 36 ஆகி, இரு வரிசையும் முழுமை பெறுகின்றன. பறிப்பதற்கு இடமே இல்லை, கரியும் இல்லை. எங்கள் விளையாட்டில் ஹைட்ரஜனாக ஓடி வந்தவர்கள் ஆறாம் வகுப்புச் சிறுமியர் இருவர். அவர்கள் தவறான கைகளைப் பிடித்துவிட்டதால் சிறிது குழப்பம் ஏற்பட்டது. ஆலையில் அப்படி நேராமல் பார்த்துக்கொள்ளத்தான் வினையூக்கி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

இந்த உண்மையைச் சோதித்துக் காட்டியவர் ஃபிரெடரிக் பெர்கியஸ் என்னும் ஜெர்மானியர். 1884ஆம் ஆண்டு பிறந்த இவருடைய தந்தை ஒரு வேதிப்பொருள் தொழிற்சாலையின் உரிமையாளர். கனமான எண்ணெயை மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனுடன் சேர்த்துச் சூடாக்கினால் கரி படியாமல் பிளவுறுவதை இவர் கண்டார். எண்ணெய்க்கே இது பயன்படுமானால் நிலக்கரிக்கும் பயன்படாதா என்று கேட்டு, 1913இல் நிலக்கரியையே ஹைட்ரஜன் கொண்டு திரவ எரிபொருளாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நிலக்கரியில் ஒரு கார்பன் அணுவுக்கு ஓர் ஹைட்ரஜன்கூட இல்லை. பெட்ரோலில் ஏறக்குறைய இரண்டு உண்டு. கசடு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எனவே எல்லாமே ஹைட்ரஜன் கணக்குத்தான்.

ஆய்வுக்கூடத்தில் வென்றது ஆலையில் எளிதில் வெல்லவில்லை. பெர்கியஸ் தம் கைப்பணத்தையும் பெருமளவில் செலவிட்டு, இறுதியில் 1925இல் தம் உரிமைகளை விற்க நேர்ந்தது. வாங்கிய நிறுவனத்தில் மத்தியாஸ் பீர் என்னும் அறிஞர், கந்தகம் பட்டாலும் கெடாத மாலிப்டினம், டங்ஸ்டன் வினையூக்கிகளை உருவாக்கினார். 1927இல் லாய்னா என்னும் ஊரில் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. 1931ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெர்கியஸுக்கும் கார்ல் போஷ் என்பவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

இதற்கு மேல் படித்தபோது எங்கள் மகிழ்ச்சி குறைந்தது. எண்ணெய் வளமில்லாத ஜெர்மனியை இரண்டாம் உலகப் போரில் பறக்க வைத்தது பெரும்பாலும் இம்முறையில் செய்த விமான எரிபொருளே. கட்டாயமாகப் பிடித்து வரப்பட்ட மக்கள் அந்த ஆலைகளில் வேலை வாங்கப்பட்டார்கள். 1944 மே 12 முதல் நேச நாட்டு விமானங்கள் லாய்னாவைத் திரும்பத் திரும்பக் குண்டு வீசித் தாக்கின. பெர்கியஸ் பின்னர் மரத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். போருக்குப் பின் நாட்டைவிட்டு நீங்கி, 1949இல் அர்ஜென்டினாவில் காலமானார். ஒரே மனிதரின் மூளை உணவையும் எண்ணிற்று, குண்டு வீசும் விமானத்துக்கும் உதவிற்று. இதில் யாரைக் குறை சொல்வது என்று எங்களுக்குள் வாதம் நடந்தது, முடிவு ஏற்படவில்லை.

போருக்குப் பின் மலிவான கச்சா எண்ணெய் ஏராளமாகக் கிடைத்ததால் நிலக்கரி முறை மங்கியது. ஆனால் கனமான எண்ணெயை ஹைட்ரஜனால் பிளக்கும் முறை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் புது வடிவில் மீண்டும் எழுந்தது. இப்போது அந்த வினையூக்கியைக் காண்போம்.

இவ்வினையூக்கிக்கு இரண்டு வேலைகள். சியோலைட் அல்லது சிலிக்கா-அலுமினா என்னும் அமிலத்தன்மையுள்ள பகுதி வெட்டுகிறது. அதன்மேல் பதிந்துள்ள நிக்கல், மாலிப்டினம், டங்ஸ்டன் போன்ற உலோகங்களின் சல்பைடு ஹைட்ரஜனைப் பிரித்து உரிய கையில் கொடுக்கிறது. கத்தரிப்பவரும் தைப்பவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். தைப்பவர் பின்தங்கிவிட்டால் கரி படியும். வெட்டுபவர் சோர்ந்தால் கசடு கசடாகவே இருக்கும். கசடில் உள்ள வனேடியமும் நிக்கலும் வினையூக்கியின் நுண்துளைகளை அடைத்து அதைச் சாகடிக்கின்றன. அதனால் மிகவும் கெட்ட கசடைக் கையாளும் ஆலைகளில், கொதிக்கும் உலையில் அரிசி எழும்பிப் புரள்வது போல் வினையூக்கிக் குருணைகளை எண்ணெயில் மிதக்கவிட்டு, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

வினை நிகழ்வது 350 முதல் 450 பாகை வரையிலான வெப்பநிலையில். அழுத்தமோ காற்றழுத்தத்தைப்போல் 100, 150, சில இடங்களில் 200 மடங்கு. நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் இருப்பது ஏறத்தாழ இரண்டு மடங்கே; அதன் விசிலுக்கே நாம் துள்ளி எழுகிறோம்! இந்த அழுத்தத்தில் சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள்ளேயே புகுந்து, அதிலுள்ள கார்பனைத் தின்று அதை நொறுங்கச் செய்துவிடும். அம்மோனியா தயாரிப்பில் இதே இடரைக் கண்டு வழி வகுத்தவர்தான் மேலே சொன்ன கார்ல் போஷ். இன்று குரோமியமும் மாலிப்டினமும் கலந்த தனி எஃகில், ஒரு சாண் கனத்துக்கும் மேற்பட்ட சுவருடன் கலன்களைச் செய்கிறார்கள். மேலும் இவ்வினை வெப்பத்தை வெளிவிடுவது. வெப்பம் ஏற ஏற வினை விரையும். வினை விரைய விரைய வெப்பம் ஏறும். ஆகையால் கலனுக்குள் வினையூக்கியை அடுக்கடுக்காக வைத்து, இடையிடையே குளிர்ந்த ஹைட்ரஜனைப் பாய்ச்சுகிறார்கள். அதுவும் போதாமல் வெப்பம் மீறினால் அழுத்தத்தை உடனே இறக்கிவிட வேண்டும். அங்கே இரவுப் பணியில் விழித்திருப்பவரின் கவனத்தில்தான் பல உயிர்கள் இருக்கின்றன.

ஹைட்ரஜன் செய்யும் இன்னொரு நன்மையும் உண்டு. மேற்காசிய நாடுகளின் கனமான எண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் கந்தகம் இருக்கும். அதை அப்படியே எரித்தால் கந்தக டை ஆக்ஸைடு ஆகி மூச்சை அடைக்கும். ஹைட்ரஜனோ அக்கந்தகத்தைத் தன்னோடு சேர்த்து, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடாக வெளியே கொண்டுவந்துவிடுகிறது. அதிலிருந்து மஞ்சள் கந்தகத்தைப் பிரித்து உரத்துக்கும் கந்தக அமிலத்துக்கும் விற்கிறார்கள். நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் டீசலில் பத்து இலட்சம் பங்குக்குப் பத்துப் பங்கு கந்தகத்துக்கு மேல் இருத்தல் கூடாது. 1969இல் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் ஹைட்ரஜனால் பிளக்கும் அலகு இன்று இருக்கிறது. பள்ளிப் பேருந்தின் பின்னால் நிற்கும்போது இன்னும் இருமல் வருகிறதே என்று சில தோழியர் கேட்கக்கூடும். புகைக்குக் கந்தகம் மட்டுமே காரணமன்று. பழைய எஞ்சினும் ஒரு காரணம்.

இவ்வளவு நல்ல ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? இக்கேள்வியைக் கேட்டவள் கடைசி பெஞ்சில் இருக்கும் எங்கள் தோழி. பெரும்பாலும் இயற்கை வாயுவிலுள்ள மீத்தேனை நீராவியுடன் வினைபுரியச் செய்தே ஹைட்ரஜன் எடுக்கப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 16 கிராம் மீத்தேனும் 36 கிராம் நீராவியும் சேர்ந்தால் 8 கிராம் ஹைட்ரஜன். கூடவே 44 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு. அதாவது ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஐந்தரைக் கிலோ. உலைக்கு எரித்த எரிபொருளையும் கூட்டினால் ஒன்பது கிலோவை எட்டிவிடும். கனமான எண்ணெயைப் பிளக்க அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு ஹைட்ரஜன் தேவை. ஒரு டன் எண்ணெய்க்கு 25 கிலோ என்று கொண்டால், வாகனம் நகரும் முன்பே இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட கரிவாயு வானில் கலந்துவிடுகிறது. தெருவில் நிற்பவரின் நுரையீரலுக்கு இது நல்ல டீசல்தான். பூமியின் வெப்பத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது.

நீரை மின்சாரத்தால் பிரித்தால் என்ன என்று அவளே மீண்டும் கேட்டாள். ஆய்வுக்கூடத்தில் இரு சோதனைக் குழாய்களைக் கவிழ்த்து நாங்கள் செய்த சோதனைதான் அது. அன்று எரியும் குச்சியைக் காட்டியதும் 'டப்' என்ற ஒலியுடன் ஹைட்ரஜன் எரிந்தது நினைவிருக்கிறது. அம்முறையில் ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு டன் கனமான எண்ணெய்க்குரிய 25 கிலோவுக்கு 1250 யூனிட். எங்களுள் ஒருத்தி வீட்டு மின்கட்டண அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள்; அவர்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஆகிறது. எட்டு மாத மின்சாரம், ஒரே ஒரு டன்னுக்கு! அந்த மின்சாரமும் நிலக்கரியை எரித்து வந்ததாக இருந்தால் பயன் என்ன என்று சிஸ்டர் கேட்டார்கள். அதற்கு நாங்கள் விடை தேடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.