கடை வாசலில் ‘துப்பாக்கிக்கு அனுமதியில்லை’: மட்டக்களப்பு வணிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு மட்டக்களப்பில் வேலை செய்த உதவி நிறுவனங்களின் வாசல்களிலும் வாகனக் கண்ணாடிகளிலும் ஒட்டியிருந்த அந்த ஸ்டிக்கர் பலருக்கு நினைவிருக்கும். சிவப்பு வட்டத்துக்குள் ஒரு கறுப்புத் துவக்கு, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. படையினரோ இயக்கத்தவரோ துணைக் குழுவினரோ, எவரென்றாலும் ஆயுதத்தோடு உள்ளே வரக்கூடாது என்று அது சொன்னது. பெரும்பாலான நிறுவனங்கள் பிறகு போய்விட்டன, ஸ்டிக்கரும் அவற்றோடு போய்விட்டது. துவக்கு மட்டும் முழுதாகப் போகவில்லை. 2021 ஜூனில் மட்டக்களப்பு நகரில் ஓர் இராஜாங்க அமைச்சரின் வீட்டுக்கு வெளியே அவருடைய பாதுகாப்பு உத்தியோகத்தர் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். மண்டபம், விடுதி, மருந்தகம், சாப்பாட்டுக் கடை என்று சனம் கூடும் எந்த இடத்தை நடத்துபவரும் தம் வாசலுக்கு ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது. அதைச் செய்யும் வழியை இங்கே சொல்கிறேன்.

பலகை எழுதக் கொடுக்க முன்னர், அது யாருக்கென்று முடிவு செய்யுங்கள். கடமையில் இருக்கும் பொலிஸாரையும் விசேட அதிரடிப்படையையும் உங்கள் பலகை கட்டுப்படுத்தாது. அவர்களை வாசலில் மறிக்க வேண்டாம். உங்கள் இடத்தில் காசு இயந்திரம் இருந்தால், பணம் நிரப்ப வரும் காவலரின் துவக்கும் அப்படித்தான். பலகை மற்றவர்களுக்கு. சாப்பிட வந்த பிரமுகரின் தனியார் மெய்க்காவலர், தற்காப்புக்கென அனுமதி பெற்ற பிஸ்டலை இடுப்பில் செருகிக்கொண்டு வரும் வியாபாரி, யானையிடமிருந்து வயலைக் காக்கச் சொட்கன் வைத்திருக்கும் படுவான்கரை விவசாயி ஆகியோர்தான் நீங்கள் நினைக்க வேண்டியவர்கள். இவர்களில் எவரும் குற்றவாளி அல்ல. பலகையின் தொனி அதை மறக்கக்கூடாது.

சட்டத்தில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, துப்பாக்கி வைத்திருப்பதை ஆள்வது 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் ஆளுக்கு உரியது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. ஆனால் அந்தப் பத்திரம் உங்கள் கடைக்குள் நுழையும் உரிமையைத் தருவதில்லை. உங்கள் இடத்துக்குள் யார் எப்படி வரலாம் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். இரண்டாவது, ‘வெளியே போங்கள்’ என்று சொன்ன பிறகும் ஒருவர் மிரட்டவோ அவமதிக்கவோ வேண்டுமென்றே நின்றால், அது தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள குற்றமுறை அத்துமீறலாகலாம். பலகையின் சட்டப் பயன் இங்கேதான் வருகிறது. ‘எனக்கு யாரும் சொல்லவில்லை’ என்று அவர் பிறகு சொல்ல முடியாது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இதற்கென்றே விதி எழுதி வைத்திருக்கிறார்கள். பலகை ஆங்கிலம், ஸ்பானியம் இரண்டிலும் இருக்க வேண்டும், எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறையக்கூடாது, பின்னணிக்கு எதிரான நிறத்தில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும். நம் துப்பாக்கிச் சட்டத்தில் அப்படி ஓர் அளவு இல்லை. ஆனாலும் அந்த விதி இங்கே நன்றாகவே பொருந்தும். நம்மிடம் இரண்டல்ல, மூன்று மொழிகள். தமிழை மேலே பெரிதாக வையுங்கள், அடுத்துச் சிங்களம், பிறகு ஆங்கிலம். மெய்க்காவலர்களில் சிங்களம் மட்டும் வாசிப்பவர்களும் இருக்கலாம். ஆகவே சிங்கள வரியைச் சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் காட்டித் திருத்திய பிறகே அச்சுக்குக் கொடுங்கள். எழுத்துப் பிழையுள்ள அறிவித்தலை யாரும் மதிப்பதில்லை.

வாசகம் சுருக்கமாக இருக்கட்டும்: ‘துப்பாக்கி, வெடிபொருட்களுடன் உள்ளே வர வேண்டாம். கடமையிலுள்ள பொலிஸாருக்கு விலக்கு. நன்றி. நிருவாகம்.’ பொதுவாக ‘ஆயுதம்’ என்று எழுதினால் வயலிலிருந்து கத்தியோடு தேத்தண்ணி குடிக்க வருபவரும் தயங்கி நிற்பார், அது உங்கள் நோக்கமல்ல. வெடிபொருளைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கம் யானை விரட்ட யானைவெடி வைத்திருக்கிறார்கள். வெடிப் பொதியோடு ஒருவர் அடுப்பெரியும் சாப்பாட்டுக் கடைக்குள் வந்து உட்காருவது, அனுமதி பெற்ற சொட்கன் உள்ளே வருவதைவிட ஆபத்தானது.

படம் கட்டாயம் வேண்டும். வெள்ளைப் பின்னணி, கறுப்புத் துப்பாக்கி, சிவப்பு வளையம், இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே இறங்கும் சிவப்புக் கோடு. தடை என்பதற்கு உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வடிவம் இதுதான். கோட்டை மறுபக்கமாகச் சாய்த்துப் போடும் அச்சகங்கள் உண்டு, கவனியுங்கள்.

வாவிக் காற்று இரும்பை விட்டுவைக்காது. கல்லடி, நாவலடி, பாசிக்குடா போன்ற கடலை ஒட்டிய இடங்களில் தகரப் பலகை விரைவில் துரு வடியத் தொடங்கிவிடும். அலுமினியத் தகடோ அக்ரிலிக்கோ போடுங்கள், திருகாணி துருப்பிடிக்காத உருக்கில் இருக்கட்டும். வெயிலில் முதலில் வெளிறுவது சிவப்பு மை. சிவப்பு வெளிறிவிட்டால் மிஞ்சுவது வெள்ளைப் பலகையில் ஒரு கறுப்புத் துவக்கு, அதைப் பார்ப்பவர் துவக்குக் கடை என்று நினைக்கவும் கூடும். கண்ணாடிக் கதவென்றால் ஸ்டிக்கரை உட்பக்கமாக, வெளியே பார்க்கும்படி ஒட்டுங்கள். வடகீழ்ப் பருவ மழை முடிந்ததும் ஒருமுறை பார்த்து, வெளிறியிருந்தால் மாற்றுங்கள். உயரம் கண் மட்டம், இடம் கதவுக்கு வெளியே. உள்ளே வந்த பிறகு, காசாளர் மேசைக்குப் பின்னால் தெரியும் பலகையால் பயனில்லை. பின்வாசல் இருந்தால் அங்கும் ஒன்று வேண்டும். வீதிப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையென்றால் முதலில் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

பலகை ஏறும் நாளுக்கு முன் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். தமிழில் எழுதலாம், தமிழ் அரசகரும மொழி. அனுமதி கேட்டு எழுத வேண்டாம், தகவலாக எழுதுங்கள். பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வைத்திருங்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது அடுத்தது. துவக்கோடு ஒருவர் வாசலில் நிற்கிறார், என்ன செய்வது? மேசைப் பையன்கள் அல்ல, முதலாளியோ முகாமையாளரோ பேச வேண்டும். குரலை உயர்த்தாமல், மற்றவர்கள் முன் அவமானப்படுத்தாமல், பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள்: “சேர், எங்கட இடத்துல துவக்கு உள்ள எடுக்கிறதில்ல. துவக்கு வெச்சிருக்கிற உங்கட ஆள் வெளியிலயே நிக்கட்டும், சாப்பாட்ட அவருக்கும் அனுப்புறம்.” விவசாயி ஒருவரென்றால், “அண்ணன், துவக்கோட உள்ள வர வேணாம்” என்றால் போதும். அவருக்குத் தேத்தண்ணியை வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

‘துவக்கை என்னிடம் தாருங்கள், பத்திரமாக வைக்கிறேன்’ என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதீர்கள். அனுமதிப்பத்திரம் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருப்பதே குற்றம். அது உங்கள் லாச்சிக்குள் இருந்த அந்த அரை மணி நேரத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். லொக்கர் வைக்கலாமா, டோக்கன் கொடுக்கலாமா என்ற யோசனைகளையும் இதே காரணத்துக்காகக் கைவிடுங்கள்.

துவக்கோடு வந்தவர் நீங்கள் சொன்னதைக் கேட்காமல் உள்ளே வந்துவிட்டால் கையைப் பிடிக்க வேண்டாம், வழியை மறிக்க வேண்டாம், துவக்கைத் தொடவே வேண்டாம். பிள்ளைகளையும் வாடிக்கையாளர்களையும் மெல்ல மறுபக்கம் நகர்த்தி, 119க்கு அழையுங்கள். நேரத்தையும் வாகன இலக்கத்தையும் குறித்து வையுங்கள், கமரா பதிவை அழியவிடாதீர்கள். பிறகு நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை வாங்குங்கள். மிரட்டியவர் அரச உத்தியோகத்தரென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்திலும் முறையிடலாம், தொலைபேசியில் 1996.

மண்டபம் நடத்துபவர்கள் பலகையை மட்டும் நம்ப வேண்டாம். கல்யாணத்துக்கும் தேர்தல் கூட்டத்துக்கும் மண்டபம் எடுப்பவர் கையொப்பமிடும் பதிவுப் படிவத்திலேயே இந்த விதியை ஒரு வரியாகச் சேருங்கள். பிரமுகர் வரும் நாளில் மெய்க்காவலர் எங்கே நிற்பார் என்பதை முதல்நாளே வீட்டுக்காரரோடு பேசி முடியுங்கள். மாலையும் மேளமுமாக வாசலில் நிற்கும்போது அதைப் பேச முடியாது.

பலகை குண்டைத் தடுக்காது. மட்டக்களப்புக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புனித மரியாள் பேராலயத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 ஆகஸ்டில் மூதூரில் பட்டினிக்கு எதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். கொல்ல வருபவன் வாசித்துவிட்டுத் திரும்பப் போவதில்லை. இந்தப் பலகை கொல்ல வராதவருக்கு, சாப்பிட வந்த இடத்திலும் இடுப்பில் துவக்கு இருப்பதை வழக்கமாக்கிக்கொண்டவருக்கு. அந்த வழக்கத்தை நாம் ஏற்கத் தேவையில்லை.

தனியொரு கடையில் பலகை ஏறினால், ‘இவனுக்கு என்ன திமிர்’ என்று அந்த முதலாளியைத்தான் பார்ப்பார்கள். தெரு முழுக்க ஒரே பலகை, ஒரே வாசகம் என்றால் அது ஊர் வழக்கம். அதனால் வாங்குவதற்கு முன் உங்கள் வர்த்தக சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். புளியந்தீவு, காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை எங்கும் சங்கங்கள் மொத்தமாக அச்சடித்தால் செலவும் குறையும். முதல் பத்துப் பலகைகள் ஒரே நாளில் ஏறட்டும்.