ஒரு கம்பியில் இரு வலைகள்

இறக்குவானை, பலாங்கொடை, எட்டியாந்தோட்டைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களை அறிந்த அன்பர்க்கு இப்பாடம் கடினமன்று. மேற்பிரிவுக் கொழுந்தும் கீழ்ப்பிரிவுக் கொழுந்தும் ஒரே லொறியில் தொழிற்சாலைக்குச் செல்லினும், சாக்குகளில் பிரிவின் அடையாளம் இருப்பின் கணக்குக் கலவாது. இதனையொத்த ஏற்பாடொன்று கணினி வலையமைப்பிலும் உண்டு. அதனை 'வீலான்' என்பர். தமிழில் மெய்நிகர் இடத்துரி வலையமைப்பு எனலாம்.

இதன் தேவை யாது? தோட்டப் பாடசாலையொன்றின் அலுவலகத்தில் ஒரு கணினி, அதில் ஒரு வலையட்டை, சுவரிலே ஒரு கம்பி மட்டுமே உள்ளன எனக் கொள்வோம். பிள்ளைகளின் புள்ளிகளும் குடும்ப விபரங்களும் அடங்கிய அலுவலக வலையோடும், மாணவர் பயிலும் அறையின் வலையோடும் அக்கணினி தொடர்புகொள்ள வேண்டும். அவ்விரண்டும் தம்முட் கலத்தலோ கூடாது. புதிய அட்டையும் கம்பியும் வாங்காமலே இதனைச் செய்யலாம்.

கம்பியிற் செல்லும் தரவுத் துண்டு 'சட்டகம்' எனப்படும். 1998ஆம் ஆண்டு வெளிவந்த 802.1கியூ என்னும் நியமத்தின்படி, ஒவ்வொரு சட்டகத்திலும் 4 பைட்டு அடையாளம் செருகப்படும். அதனுள் 12 பிட்டுகள் வலையின் எண்ணைக் குறிக்கும். 12 பிட்டுகளால் 4096 எண்கள் அமையும். முதலும் ஈறும் ஒதுக்கப்பட்டமையால் 4094 எஞ்சும்.

இனிச் செய்முறையைக் காண்போம். முதலாவதாக, அலுவலகத்துக்கு 10, மாணவர்க்கு 20 என எண்களைத் தீர்மானித்தல் வேண்டும். இரண்டாவதாக, அடையாளம் அறியும் சுவிட்சில் நம் கணினி இணையும் வாயில் இரண்டு எண்களையும் ஏற்குமாறும், மாணவர் கணினிகளின் வாயில்கள் 20 ஒன்றுக்கே உரியனவாகவும் அமைத்தல் வேண்டும். இவ்வாயில்களில் சுவிட்சே அடையாளத்தை நீக்கிச் சட்டகத்தை வழங்கும். மூன்றாவதாக, நம் கணினியில் ஓர் அட்டையின்மீது இரு மெய்நிகர் அட்டைகளை உருவாக்குவோம். லினக்ஸில் ஈத்0 என்னும் அட்டைக்கு ஈத்0.10, ஈத்0.20 எனப் பெயரிடுதல் வழக்கம். விண்டோசில் அட்டையின் மேம்பட்ட பண்புகளில் எண் இடும் கட்டம் இருப்பினும், பெரும்பாலும் ஓர் எண்ணையே அது ஏற்கும்; பல எண்களுக்கு அட்டை உற்பத்தியாளரின் மென்பொருள் தேவைப்படலாம். இறுதியாக, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு முகவரித் தொகுதியைக் கொடுத்தல் வேண்டும்: 192.168.10.5, 192.168.20.5 என்றவாறு.

இருமுனையிலும் எண் பொருந்தாவிடின், கம்பி நன்றாயிருந்தும் செய்தி செல்லாது. பழுது நேரின் முதலில் எண்ணையே சோதித்தல் நன்று.

ஒன்றை மறவாதிருப்போமாக: அடையாளம் வேறு, பூட்டு வேறு. சாக்கின் அடையாளம் கள்வனைத் தடுக்காதவாறே, வீலான் எண்ணும் தரவை மறைகுறியாக்காது. இரு வலைகளிலும் கால் வைத்து நிற்கும் அலுவலகக் கணினியிற் புகுந்தவர் இரண்டையும் அடைவர். ஆதலின் அதற்குக் கடவுச்சொல் இடுதலும், ஒரு வலையிலிருந்து மற்றதற்குத் தரவைக் கடத்தும் வசதியை நிறுத்திவைத்தலும் இன்றியமையாதன.

முன்னாளில் புள்ளியேட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டியே ஆசிரியர் வீடு சென்றனர். ஏடு கணினியாயிற்று, பிள்ளைகளின் விபரங்களைக் காக்கும் கடமை மாறவில்லை.