பழைய எரு வண்டி: பார்த்து வாங்கி, பழுது நீக்கி, பத்திரமாக இழுக்க

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மரியா ஸ்டைன் என்றொரு சிற்றூர். அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த ஜோசப் ஓப்பன்ஹைம், 1899-இல் வயலில் எரு இறைக்கும் வண்டிக்கு, எருவை அதன் அகலத்தையும் தாண்டி இரு பக்கமும் வீசும் துடுப்புகளை அமைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'நியூ ஐடியா' நிறுவனம். அந்த வகைப் பழைய வண்டிகள் இன்றும் அங்குள்ள பண்ணை ஏலங்களுக்கு வருகின்றன. நாலைந்து குதிரையோ மாடோ வைத்திருக்கும் சிறு பண்ணைக்காரர்களுக்குப் புது வண்டியின் விலை கட்டுப்படியாவதில்லை. பழையதைத் தேடிப் போகிறார்கள்.

ஏலத்துக்குப் போகிறவர் முதலில் குனிந்து வண்டியின் அடியைப் பார்க்க வேண்டும். புது பெயின்ட்டை நம்பவே கூடாது. எருவின் ஈரமும் உப்பும் இரும்பை அரிப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத மூலைகளில்தான். ஒரு ஸ்க்ரூடிரைவரால் சட்டத்தைக் குத்திப் பார்த்தால் போதும்: டங்கென்று ஒலித்தால் இரும்பு திடமாக இருக்கிறது, பொத்தலானாலோ ஏடு ஏடாக உதிர்ந்தாலோ சட்டம் போய்விட்டது. அச்சு வளைந்திருக்கிறதா, டிராக்டரில் மாட்டும் இழுவைத் தண்டில் பழைய வெல்டிங் விரிசல் விட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். மற்றதெல்லாம் மாற்றக்கூடிய பாகங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டிப் பார்க்கும் ஆசை எழும். அதை அடக்கியே ஆக வேண்டும். பல வருடம் நின்ற வண்டியின் சங்கிலி, காய்ந்த எருவோடு வண்டித் தரையில் இறுகிக் கிடக்கும். அப்படியே இழுத்தால் சங்கிலியோடு இணைந்த குறுக்குச் சட்டங்கள் முறியும். முதலில் எருவைச் சுரண்டி எடுத்து, கண்ணிகளில் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற விடலாம். பிறகு வண்டியை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையாலேயே முன்னோக்கிச் சுற்ற வேண்டும். சக்கரச் சுழற்சியிலேயே இயங்கும் வண்டி என்றால், நெம்புகோலைப் போட்டதும் தரைச் சங்கிலியும் பின்னால் உள்ள பல் உருளைகளும் சேர்ந்து நகரும். எங்கே கடகடவென்று தட்டுகிறதோ அங்கேதான் வேலை இருக்கிறது.

இந்த வண்டியின் உயிர்நாடி சங்கிலிதான். தரையின் இரு ஓரமும் இரண்டு சங்கிலிகள் ஓட, அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் எருவைப் பின்னால் தள்ளுகின்றன. கண்ணிகளின் கொக்கிப் பகுதி தேய்ந்து மெலிந்தால் சங்கிலி நீண்டு தொய்யும். இறுக்கும் போல்ட்டைத் திருகியும் தொய்வு போகாவிட்டால் கண்ணியைக் கழற்றலாம். ஆனால் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் கழற்ற வேண்டும். ஒரு பக்கம் ஒன்று குறைந்தாலும் குறுக்குச் சட்டம் கோணலாக நின்று, பல் சக்கரத்தில் ஏறி நசுங்கும். ஒரு பக்கச் சங்கிலியை மட்டும் புதிதாக மாற்றுவதும் இதே சிக்கலைக் கொண்டுவரும்.

மரத் தரை உளுத்திருந்தால் பலகைகளை வண்டியின் நீளவாக்கில் போட வேண்டும். குறுக்கே போட்டால் சட்டங்கள் ஒவ்வொரு இணைப்பிலும் இடறும். போல்ட்டின் தலை பலகைக்குள் புதைந்திருக்கட்டும். மேலே ஆளி விதை எண்ணெய் பூசினால் ஈரம் சட்டென்று ஏறாது.

டிராக்டர் எஞ்சினின் விசையைக் கொண்டுவரும் பி.டி.ஓ. தண்டால் இயங்கும் வண்டியில் அந்தத் தண்டின் மேலுறை இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டக் கூடாது. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. உருளையில் கயிறோ வைக்கோலோ சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்ட பிறகே கிட்டே போக வேண்டும்.

சாலையில் இழுப்பதற்கு முன் எல்லா நெம்புகோலையும் விடுவித்துக் கட்டிவிட வேண்டும். இல்லையேல் வெறும் வண்டியின் சங்கிலி வழிநெடுக ஓடித் தேயும். டிராக்டரின் பின்னால் தாழ்வாக உள்ள இழுவைச் சட்டமான டிராபாரில் மட்டுமே மாட்டலாம். அச்சுக்கு மேலே உயரமான இடத்தில் மாட்டினால் டிராக்டர் பின்னோக்கிக் கவிழக்கூடும். கொக்கி முளைக்குப் பூட்டு ஊசி, கூடுதலாக ஒரு பாதுகாப்புச் சங்கிலி, பின்புறம் மெதுவாகச் செல்லும் வண்டிக்கான ஆரஞ்சு முக்கோணம் ஆகிய மூன்றும் கட்டாயம். அந்த முக்கோணமும் 1960-களில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானதுதான். மணிக்கு 25 மைலுக்கும், அதாவது சுமார் 40 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் போகும் வண்டிகளுக்கானது அது. பழைய எரு வண்டிக்கு அந்த வேகமே அதிகம்: பெரும்பாலானவற்றில் பிரேக் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, டயரோ வெயிலில் வெடிப்பு விட்டிருக்கும். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்திச் சக்கரக் குடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகிறது. அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. ஏலம் நடந்த ஊர் தொலைவு என்றால் வண்டியைத் தட்டை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருவதே சரி.

ஒவ்வொரு முறை எரு இறைத்த பின்னும் தரையைக் காலி செய்து, கழுவி, கூரைக்கு அடியில் நிறுத்துங்கள். எருவோடு நிற்கும் வண்டிதான் சீக்கிரம் அழிகிறது.