கல்கத்தாத் தமிழர் ஆவணங்களுக்கு ஓர் இருப்பிடம்

சி. வி. ராமன் 1907-இல் நிதி இலாகா உத்தியோகஸ்தராகக் கல்கத்தாவுக்கு வந்த காலத்தை ஒட்டியும் அதன் பின்னரும், பிழைப்புக்காக இந்நகரை நாடி வந்து லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சேர்த்து வைத்த சபைக் குறிப்பேடுகளும், கச்சேரி அழைப்பிதழ்களும், நாடக நோட்டீசுகளும், ஊர்க் கடிதங்களும், வீடு விற்கப்படும்போது பழைய காகிதம் வாங்கும் பிக்ரிவாலாவின் தராசுக்குப் போவதைக் கண்டு மனம் பொறாமல், அவற்றுக்குத் தக்க இருப்பிடம் தேடும் பணியில் நண்பர் சிலருடன் ஈடுபட்டேன். அதில் கற்றவற்றை, இதே கவலை கொண்ட பிறருக்குப் பயன்படுமென எழுதுகிறேன்.

முதலாவது, ஸ்தாபனங்களை அணுகுமுன் பட்டியல் தயாரிக்க வேண்டும். அலிப்பூர் தேசிய நூலகத்துக்கு, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி போய்ச் சேர வேண்டும்; தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளையின் நூற்சேகரமும் அங்கேயே இருக்கிறது. ஆகவே அச்சான நாவல்களைவிட, வேறெங்கும் பிரதியில்லாத கையெழுத்துக் குறிப்பேட்டுக்கும் கணக்குப் புத்தகத்துக்குமே முதலிடம் தருதல் நியாயம். துருப்பிடித்த குண்டூசிகளை அகற்றலாம். ஆனால் உரியவர் அடுக்கியிருந்த வரிசையைக் கலைக்கலாகாது. லாமினேஷன் செய்யவே கூடாது.

இரண்டாவது, கட்டிடத்தின் கம்பீரத்தைக் கண்டு மயங்காமல், தமிழ் எழுத்தை வாசித்து அட்டவணையிடக் கூடியவர் அங்கு உண்டா, வெளியார் எவரும் வந்து படிக்கலாமா, ஆடி ஆவணி மாதங்களின் வெள்ளமும் ஈரப்பதமும் எட்டாத மாடியில் பெட்டிகள் இருக்குமா என்று விசாரிக்க வேண்டும். லேக் டெரஸில் சரித்திர ஆசிரியர் ஜதுநாத் சர்க்கார் வாழ்ந்த இல்லம் இன்று அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பிடமாகவும் விளங்குவதைக் காணும்போது, நம் பேட்டையிலேயே இத்தகைய காரியம் சாத்தியம் என்ற நம்பிக்கை பிறக்கிறது.

மூன்றாவது, மூலமும் பிரதியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமென்ற நியதியில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் 1992-இல் காலமானபின், அவரது அபூர்வத் தமிழ் நூற்சேகரத்தைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியதாயினும், கடல் கடத்திக் கொண்டுபோகாமல், தமிழ் படிப்போர் அணுகும்படி சென்னையிலேயே நூலகமாக நிலைநிறுத்தியது. அந்த விவேகத்தை நாமும் கைக்கொள்ளலாம்: இந்நகரத்துத் தெருக்களையும் மனிதர்களையும் பேசும் மூலங்கள் கல்கத்தாவிலும், அவற்றின் டிஜிட்டல் பிரதிகள் சென்னை ஆராய்ச்சி நூலகம் ஒன்றிலும் இருப்பதே சிறந்த ஏற்பாடு என்பது என் திடமான அபிப்பிராயம்.

நான்காவது, எதையும் வாய்மொழியாக ஒப்படைக்கக் கூடாது. தானமா, இரவலா, ஸ்தாபனம் மூடப்பட்டால் ஆவணங்கள் யாரைச் சேரும், குடும்ப ரகசியமுள்ள கடிதங்களை எத்தனை ஆண்டு மூடி வைப்பது என்பவையெல்லாம் பத்திரத்தில் இடம்பெற வேண்டும். கடிதத்தின் காகிதம் பெற்றவருடையதாயினும், வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவர் காலத்துக்குப்பின் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இறுதியாக, அட்டவணையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டுமன்றி வங்காளியிலும் எழுதுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த நம் பேரப்பிள்ளைகளில் பலர் தமிழ் எழுத்தை அறியார். புகைப்படங்களிலுள்ள முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய முதியோரை இந்த மாதமே சந்தித்து, படங்களின் பின்புறத்தில் பென்சிலால் பெயர்களைக் குறித்துவிடுங்கள். ஸ்தாபனம் கிடைக்கத் தாமதமானாலும் பெட்டி காத்திருக்கும். அவர்களுடைய ஞாபகத்துக்கு அந்த அவகாசம் இல்லை.