சிங்கப்பூர் மேக்கும் ஊர் டிரைவும்

கேள்வி: எங்கள் சாந்திக் கல்யாண வீடியோ உள்ள போர்ட்டபிள் டிரைவ், சிங்கப்பூரில் மகனின் மேக்கில் திறக்கிறது, ஆனால் அவனால் அதில் எதையும் ஏற்ற முடியவில்லை. ஏன்?
- வாசகர், கொத்தமங்கலம்

பதில்: டிரைவ் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கும். விண்டோஸுக்கான அந்த ஃபார்மட்டை மேக் படிக்கும், எழுதாது. ஃபேட்32 எங்கும் ஓடும். ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. கல்யாண வீடியோ அதற்குள் அடங்குமா?

அடங்காவிட்டால், விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத முடிகிற எக்ஸ்ஃபேட் ஃபார்மட் போடுங்கள். 2019-ல் மைக்ரோசாஃப்ட் அதன் நுட்ப விவரத்தை வெளியிட்டதும் லினக்ஸ் கெர்னலிலும் சேர்ந்துவிட்டது. ஃபார்மட் செய்தால் உள்ளதெல்லாம் அழியும். முதலில் வேறிடத்தில் காப்பி எடுங்கள். எக்ஸ்ஃபேட்டில், மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் வசதி கிடையாது. அதனால் காப்பி ஓடும்போது வயரைப் பிடுங்கினால் ஃபைல் கெட்டுப்போகலாம். இஜெக்ட் கொடுத்தே கழற்றுங்கள். பழைய டிவிகள் சில எக்ஸ்ஃபேட்டைக் கண்டுகொள்ளாது. அவற்றுக்கு வேறு ஃபார்மட்டில் தனி பென்டிரைவ்தான்.