சங்கக் கணிப்பொறியின் தரத்தை அளந்தறிவீர்!

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பேரேடு இருந்த இடத்திற்குக் கணிப்பொறி வந்துகொண்டிருக்கிறது. நாடெங்கும் 63,000 சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. ஆனால் கருவி வந்ததாலேயே பயனும் வந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துவோருக்கு வட்டிச் சலுகை உண்டு. செலுத்திய தேதி தவறாகப் பதிவானால் அச்சலுகை கைநழுவிப் போகும். எனவே, இம்முறையின் தரத்தை அளக்க உறுப்பினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

ஆறு அளவுகோல்கள்

நிறுவனங்களின் தகவல் முறைகளை மதிப்பிட அமெரிக்க அறிஞர்களான டிலோன், மெக்லீன் ஆகியோர் 1992-ல் ஒரு வழியை வகுத்து, 2003-ல் அதைத் திருத்தி அமைத்தனர். நம் பம்புசெட்டோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும்.

1. கருவியின் தரம்: மோட்டார் பழுதின்றி ஓடுவது போல, கணிப்பொறி தடையின்றி இயங்குகிறதா?

2. தகவலின் தரம்: நீர் நல்ல நீர்தானா? அதாவது, கடன் தொகை, தேதி, நிலுவை ஆகியவை பிழையின்றி, உரிய காலத்தில் கிடைக்கின்றனவா?

3. சேவையின் தரம்: பழுது நேர்ந்தால் சரிசெய்ய ஆள் உடனே வருகிறாரா?

4. பயன்பாடு: நீர் வயலுக்குப் பாய்கிறதா? பழைய பேரேட்டையே நம்பிக்கொண்டு, கணிப்பொறியில் பெயரளவுக்குப் பதிவு செய்கிறார்களா?

5. மனநிறைவு: பணியாளரும் உறுப்பினரும் திருப்தி அடைகின்றனரா?

6. நிகரப் பயன்: முடிவில் மகசூல் கூடியதா? கடன் விரைவில் கிடைக்கிறதா? அலைச்சல் குறைந்ததா?

இவற்றுள் பயன்பாட்டை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு. கட்டாயத்தின் பேரில் அனைவரும் பயன்படுத்தும் ஒரு முறை, பயனற்றதாகவும் இருக்கக்கூடும்.

அளக்கும் விதம்

மண் மாதிரியை வரப்போரத்தில் மட்டும் எடுப்பதில்லை அல்லவா? அதுபோல, முன்வந்து தருவோரின் பாஸ் புத்தகங்களை மட்டும் பார்த்தல் கூடாது. நிர்வாகக் குழுவின் இசைவு பெற்று, உறுப்பினர் பட்டியலில் இருந்து சீட்டுக் குலுக்கி 20 பேரைத் தேர்ந்தெடுக்கவும். அவர்கள் சம்மதத்துடன், அவர்களிடம் உள்ள ரசீது, பாஸ் புத்தகம் ஆகியவற்றைக் கணிப்பொறிப் பதிவுடன் ஒப்பிடவும். 17 பேரின் கணக்கு மட்டும் ஒத்திருந்தால், நூற்றுக்கு 85 எனக் குறித்துக்கொள்ளவும். மீதி 3 கணக்குகளைச் சங்கச் செயலாளரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, அப்போதே திருத்தம் பெறவும்.

மேலும், விண்ணப்பம் கொடுத்த நாளுக்கும் கடன் கைக்கு வந்த நாளுக்கும் இடைப்பட்ட நாட்களை எண்ணி, முந்தைய ஆண்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்.

இவ்விரு கணக்குகளையும் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் வைத்தால், குறைகள் வெளிச்சத்திற்கு வரும், சங்கமும் செம்மையுறும். பணம் செலுத்திய ஒவ்வொரு முறையும் ரசீதைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துவதே இதற்கெல்லாம் அடிப்படை என்பதை மறவாதீர்.